கார் பார்க்க ஜப்பான் போகிறீர்களா? தறியிலிருந்து தொடங்குங்கள்

கார் பைத்தியம் பிடித்த நம்மவர்கள் ஜப்பானுக்குத் திட்டம் போடும்போது கையில் இருக்கும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கார் பிரியர்கள் கூடும் டைகோகு பார்க்கிங்கில் ஒரு இரவு, டோக்கியோவில் நாலைந்து ஷோரூம், ஹகோனே மலைப்பாதை, கிளம்பும் முன் பொம்மைக் கார் கடை. இவை எல்லாமே நன்றாக இருக்கின்றன, நானும் போனேன். ஆனால் மொத்த விடுமுறையையும் டோக்கியோவைச் சுற்றியே கரைத்துவிட்டால், அந்த நாடு கார் செய்யக் கற்றுக்கொண்ட கதை கண்ணில் படாமலே போய்விடும். அந்தக் கதை ஹமமட்சுவிலும் நகோயாவிலும் ஹிரோஷிமாவிலும் இருக்கிறது. மூன்று ஊருமே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையில் வரிசையாக அமைந்திருப்பது நமக்கு வசதி. டோக்கியோவுக்கு வைத்த நாட்களில் பாதியை எடுத்து இந்த மூன்று ஊருக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

என்னோடு வந்தவர் என் பெரியப்பா. சோமனூரில் வெகுகாலம் விசைத்தறி ஓட்டியவர். காரைப் பற்றி அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. வெளிநாடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கிளம்பி வந்தார். நகோயாவில் இறங்கிய பிறகு நிலைமை மாறியது. அங்கே எனக்கு விளக்கம் சொன்னவர் அவர்தான்.

நகோயாவில் டொயோட்டாவுக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. முதலாவது, டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம். மெய்டெட்சு ரயிலில் நகோயாவிலிருந்து அடுத்த நிலையமான சாகோவில் இறங்கினால் சில நிமிட நடை. 1994இல் திறந்தார்கள். கட்டடம் அதைவிடப் பழையது. தானியங்கித் தறிகளை உருவாக்கிய சகிச்சி டொயோடா 1911இல் நெசவுச் சோதனைக்காக அமைத்த ஆலையின் செங்கல் சுவர்களை இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கூடத்தில் நிற்பது வட்ட வடிவத் தறி. கார் மண்டபத்துக்குப் போகும் முன் பஞ்சு, நூல், தறி என்று ஒரு பெரிய மண்டபம் முழுக்கக் கடக்க வேண்டும். கார் பார்க்க வந்த பலர் இந்தப் பகுதியை வேகவேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே நின்று பார்த்தால்தான் அடுத்த மண்டபம் விளங்கும்.

இயந்திரங்கள் ஓடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் இடம் இல்லை இது. பணியாளர் ஒருவர் பஞ்சை விரலால் இழுத்து முறுக்கி நூலாக்கிக் காட்டுவார். பிறகு கைராட்டை, அதன் பிறகு நூற்பு இயந்திரம், கடைசியில் காற்றால் நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி வரை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார்கள். நடுநாயகமாக இருப்பது 1924இன் ஜி வகைத் தானியங்கித் தறி. பெரியப்பா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரப்போகும் நேரத்தில் தறி நிற்காமலே, அந்த நூலைச் சுமந்து ஓடும் பழைய நாடா வெளியே போய்ப் புது நாடா உள்ளே வந்து உட்காருகிறது. அதைவிட அவரைக் கட்டிப்போட்டது பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். ஒவ்வொரு பாவு இழையும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் துளை வழியே போகிறது. இழை இறுக்கமாக இருக்கும்வரை தகடு மேலே தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும், தறி அந்தக் கணமே நிற்கும். பணியாளர் வேண்டுமென்றே ஒரு இழையை அறுத்துக் காட்டினார். டக்கென்று மொத்த இயந்திரமும் அமைதியானது.

"கண்ணு, இதைப் பாரு. இழை அறுந்தது தெரியாம தறி ஓடிச்சுன்னா அத்தனை துணியும் பழுது. நாம கண்ணு கொத்திப் பாம்பா நின்னு பார்க்கறதை இது தானா பார்க்குது. ஒரு ஆளு எத்தனை தறி பார்ப்பாராம், கேளு" என்றார்.

போனில் மொழிபெயர்ப்பை வைத்துக் கேட்டேன். 30க்கும் மேல் என்று பதில் வந்தது. "ஆமாங்க பெரியப்பா, முப்பதுக்கு மேலயாம்" என்றதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எந்த சூப்பர் காரைப் பார்த்தும் என் முகத்தில் வந்திருக்காது.

இந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணம்தான் கார் ஆராய்ச்சிக்கு விதை என்று பரவலாகச் சொல்வார்கள். சகிச்சியின் மகன் கிச்சிரோ 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு கார் பிரிவைத் தொடங்கி, ஒரு செவ்ரோலே காரை வாங்கிப் பிரித்து அடுக்கிப் பார்த்தார். 1935இல் ஏ1 மாதிரி, 1936இல் விற்பனைக்கு ஏஏ கார், 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி. கார் மண்டபத்தில் இதெல்லாம் வெறும் ஆண்டுப் பட்டியலாக இல்லை. சிலிண்டர் பிளாக் வார்ப்பில் ஆரம்பத்தில் எப்படித் தோற்றார்கள், மரச் சட்டத்தின் மேல் தகட்டைச் சுத்தியலால் தட்டி எப்படி பாடி செய்தார்கள் என்று அந்தக் காலப் பட்டறையையே அமைத்து வைத்திருக்கிறார்கள். கோவைப் பக்கம் ஃபவுண்டரியில் மணல் அச்சும் கோரும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொந்த ஊர் போல இருக்கும்.

பிறகு அசெம்பிளி லைன் பகுதிக்கு வந்தால், பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்ற ஏற்பாடு. உலகமெங்கும் மேலாண்மை வகுப்புகளில் சொல்லித்தரும் டொயோட்டா உற்பத்தி முறையின் ஒரு தூண் இதுதான். அது எங்கிருந்து வந்தது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாத தெளிவோடு, அறுந்த இழையும் கீழே விழுந்த அந்தத் தகடும் சொல்லிவிட்டன. இந்த இடத்துக்கு அரை நாள் போதாது. காலையில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதைக் கவனித்து ரயில் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, நகரத்துக்கு வெளியே நாககுடேயில் இருக்கும் டொயோட்டா கார் அருங்காட்சியகம். 1989இல் திறந்தது. ஹிகாஷியாமா சுரங்க ரயிலில் கடைசி நிலையமான ஃபுஜிகாஒகா வரை போய், அங்கே லினிமோ ரயில் மாற வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் காந்த விசையில் மிதந்து ஓடும் ரயில் அது, 2005 உலகக் கண்காட்சிக்காகப் போட்ட பாதை. கெய்டாய்தோரியில் இறங்கினால் நடக்கும் தூரம். இங்கே டொயோட்டா தன் பெருமையைப் பாடவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானியக் கார்களைக் கால வரிசையில் நிறுத்தி, போட்டிக் கம்பெனிகளின் வண்டிகளையும் அதே மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். 1967இல் வந்த டொயோட்டா 2000ஜிடி ஸ்போர்ட்ஸ் கார் முன்னால் மட்டும் நான் நெடுநேரம் நின்றேன். யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய கார், மொத்தம் 337 மட்டுமே செய்தார்கள். படத்தில் பெரிதாகத் தெரியும். நேரில் நின்றால் கூரை நம் இடுப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஹமமட்சு. இங்கே ஒரு எச்சரிக்கை: ஷின்கான்செனில் வேகமான நோசோமி வண்டிகள் இந்த ஊரில் நிற்காது. ஹிகாரியில் சிலவும் கொடாமாவும்தான் நிற்கும். டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். இந்த ஒரு வட்டாரம்தான் சுசுகி, ஹோண்டா, யமஹா மூன்றுக்கும் தாய்வீடு. சொய்ச்சிரோ ஹோண்டா பிறந்து தொழில் தொடங்கியது இங்கேதான்.

சுசுகியும் தறியில் தொடங்கியதுதான். மிச்சியோ சுசுகி என்ற தச்சர் 1909இல் தறி செய்யும் பட்டறை போட்டார். அந்தக் கதையைச் சொல்லும் சுசுகி வரலாற்று அருங்காட்சியகம் தகாட்சுகா நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு கட்டாயம். சைக்கிளில் பொருத்திய 36 சிசி பவர் ஃப்ரீ (1952), சுசுலைட் (1955), முதல் ஜிம்னி (1970) என்று எல்லாமே சின்ன வண்டிகள். பெரிய கார் ஒன்றுகூட இல்லாமல் ஒரு கார் அருங்காட்சியகம் இவ்வளவு நிறைவாக இருக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1979இல் 4,70,000 யென்னுக்கு வந்த முதல் ஆல்டோவைத் தேடிப் பாருங்கள். நம் ஊரில் 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800இன் மூல வடிவம் அதுதான். அந்த விளக்கின் வடிவத்தையும் கதவின் கோட்டையும் பார்த்ததும் பெரியப்பா, "இது நம்ம டாக்டர் வண்டியல்ல?" என்றார். எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவர் ஒரு டாக்டர். ஒரு நடுத்தரக் குடும்பம் கார் வாங்கலாம் என்ற எண்ணமே இந்தியாவுக்கு இந்தச் சின்னப் பெட்டியின் வழியாகத்தான் வந்தது. அதன் பிறந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பது, எந்த ரேஸ் காரைப் பார்ப்பதற்கும் குறைந்ததில்லை.

சின்ன வண்டி என்றதும் தெருவைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் கார் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டும் என்றுகூட இல்லை. மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டிய கெய் கார்கள்தான் அங்கே தெருவின் உண்மையான முகம். 660 சிசி இன்ஜின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், இந்த எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் செய்துகொள் என்பது சட்டம். அதற்குள் காய்கறி லாரி, ஆறடி ஆள் நிமிர்ந்து உட்காரும் வேன், நடு இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் எல்லாமே செய்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா பீட், சுசுகி கப்பசீனோ, மேல்நோக்கித் திறக்கும் கதவு வைத்த ஆட்டோஸாம் ஏஇசட்-1 மூன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலை நேரத்தில் பெரிய சாலைகளை விட்டு, வீடுகள் நிறைந்த சந்துகளில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் மட்டும் விட்டு, ரிவர்ஸில் நிறுத்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வீட்டுக்குள் எட்டிப் படம் எடுக்காதீர்கள், நம்பர் பிளேட் தெரியும் படத்தை இணையத்தில் போடும் முன் மறைத்துவிடுங்கள். அங்கே கார்க்காரர்கள் இதை ரொம்பவே மதிக்கிறார்கள். கார் கூடும் இடங்களில் அவர்களே பிளேட்டின் மேல் ஒரு மூடி மாட்டிவைப்பதைப் பார்க்கலாம்.

இனி நாமே ஓட்டுவது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். 1949 ஜெனிவா உடன்படிக்கை வடிவத்தில் கொடுப்பதால் ஜப்பானில் செல்லும். ஓராண்டுக்குச் செல்லுபடி. அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட், இந்த அனுமதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். போனில் படமாக வைத்திருந்தால் வாடகைக் கடையில் சாவி கிடைக்காது.

நம்மைப் போலவே அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் பழக அதிக நேரம் ஆகாது. இன்டிகேட்டர் மட்டும் வலப்பக்கத் தண்டில் இருக்கும். ஊரில் ஃபோக்ஸ்வாகன் மாதிரி ஐரோப்பிய வண்டி ஓட்டுகிறவர்கள் முதல் சில திருப்பங்களில் வைப்பரைப் போடுவார்கள். சிவப்புத் தலைகீழ் முக்கோணப் பலகை கண்டால் சக்கரம் முழுக்க நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிப் போவது நின்றதாகாது. ரயில்வே கேட் திறந்திருந்தாலும் நின்று இருபக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பக் கூடாது. ஒரு மடக்கு பீர் குடித்திருந்தாலும் வண்டியைத் தொடாதீர்கள், கூட உட்கார்ந்து வருபவருக்கும் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது.

வாடகைக் கார் பதிவு செய்யும்போதே, சுங்கத்தைத் தானாகக் கட்டும் இடிசி கார்டு கேளுங்கள். டோக்கியோவின் ஷுடோ விரைவுச் சாலையில் பல நுழைவாயில்கள் இப்போது இடிசி இருந்தால் மட்டுமே திறக்கும். பெட்ரோல் போடும்போது பிடியின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் ஹை ஆக்டேன், பச்சை டீசல். பச்சையைப் பார்த்ததும் பெட்ரோல் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கை போகும், அங்கேதான் கவனம் வேண்டும். ஆள் வந்து போடும் பங்க்காக இருந்தால் "ரெகுலர், மண்டான்" என்றால் போதும், டேங்க் நிரப்பிவிடுவார்கள். ஊருக்குள் நிறுத்த காயின் பார்க்கிங் ஏராளம். சில இடங்களில் வண்டி நின்ற சற்று நேரத்தில் தரையிலிருந்து ஒரு இரும்புத் தகடு எழுந்து சக்கரத்தை மறிக்கும். கிளம்பும்போது இயந்திரத்தில் உங்கள் கட்டத்தின் எண்ணை அழுத்திப் பணம் கட்டினால் தகடு இறங்கும். இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

ஓட்ட எங்கே போவது? ஒடவாராவிலிருந்து மேலே ஏறும் ஹகோனே டர்ன்பைக்தான் என் பரிந்துரை. சுங்கச் சாலை, அதனால் லாரி, பஸ் நெரிசல் குறைவு, சாலை அகலம், வளைவுகள் நீளமானவை. உச்சியில் டைகன்சான், 1,011 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் ஆஷி ஏரியும் ஃபுஜி மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மேலே நிறுத்துமிடத்தில் பழைய மாஸ்டா ரோட்ஸ்டர், டொயோட்டா 86, போர்ஷே என்று உள்ளூர்க்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டு இறங்குவார்கள். நான் எடுத்தது ஒரு டொயோட்டா ஜிஆர்86. இதற்கென்றே ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு விடும் கடைகள் டோக்கியோ, ஹகோனே பக்கம் இருக்கின்றன. நிசானின் பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆர் வரை கிடைக்கும், ஆனால் வாடகையைவிட இன்ஷூரன்ஸ் நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள். விபத்தானால் நாம் கட்ட வேண்டிய தொகை கடைக்குக் கடை வெகுவாக மாறும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் போன வண்டி ஓடி நிற்க ஓரத்தில் மண் மேடுகள் அமைத்திருக்கிறார்கள் என்பதே அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று சொல்லும்.

டைகோகு பற்றிக் கேட்காதவர் இல்லை. யோகோஹாமா துறைமுகத்தின் மேல் விரைவுச் சாலைகள் சுருள் சுருளாகப் பின்னும் சந்திப்புக்கு நடுவே இருக்கும் ஓய்விடம் அது. நடந்து போக வழியே கிடையாது. விரைவுச் சாலை வழியாக வண்டியில் மட்டும்தான் நுழைய முடியும். டாக்சியில் போனால் காத்திருக்கச் சொல்லுங்கள், அங்கே நின்றுகொண்டு வேறு டாக்சி பிடிப்பது கஷ்டம். வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் சேரும், சேர்ந்ததும் போலீஸ் ஒலிபெருக்கியில் அறிவித்து மூடிவிடும். மூடினால் எல்லோரும் சத்தமில்லாமல் வரிசையாகக் கிளம்பிவிடுவார்கள். நீங்களும் அப்படியே கிளம்புங்கள். என் கருத்தில் ஞாயிறு காலைதான் அங்கே போக நல்ல நேரம். பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்கள் அப்போதுதான் வருவார்கள், பேசவும் நேரம் இருக்கும். கை வைக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று தலையைத் தாழ்த்தி வணங்கினால், பலர் தாமாகவே பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சத்தம் கேட்கச் சொல்லாதீர்கள். அந்த இடம் அடிக்கடி மூடப்படுவதற்குச் சத்தமும் ஒரு காரணம்.

இன்னொன்று, ஸ்கைலைனில் உட்காரவைத்து டைகோகு கூட்டிப்போகிறோம் என்று இணையத்தில் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்கு பச்சை நம்பர் பிளேட்டும் அதற்கான உரிமமும் வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியில் கூட்டிப்போகும் சுற்றுலா சட்டத்துக்குப் புறம்பானது, விபத்தானால் இன்ஷூரன்ஸும் கைவிட்டுவிடும். ஏறும் முன் பிளேட்டைப் பாருங்கள்.

டோக்கியோ பக்கம் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால், கனகாவாவின் ஸமாவில் நிசான் தன் பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஹெரிடேஜ் கலெக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு வேண்டும். அலங்காரம் எதுவும் கிடையாது, கொட்டகையில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசை வரிசையாக நிற்கும். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 29 போட்டியில் 29ஐயும் வென்ற ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரில், கால்சோனிக் என்ற விளம்பரதாரரின் பெயர் தாங்கிய நீல நிற வண்டி அங்கேதான் இருக்கிறது. அதே சமயம், பழைய பயணக் குறிப்புகளில் ஒடைபாவில் டொயோட்டாவின் மெகா வெப் காட்சிக்கூடம் என்று பார்த்தால் தாண்டிவிடுங்கள், 2021 கடைசியிலேயே மூடிவிட்டார்கள்.

ஹிரோஷிமாவை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மற்ற எல்லாவற்றையும்விட அது என்னை அதிகம் பாதித்தது. மாஸ்டா 1920இல் கார்க் தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கி, 1931இல் மூன்று சக்கர வண்டிக்கு வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து தொழிற்சாலை சுமார் 5 கிலோமீட்டர். இடையில் ஹிஜியாமா குன்று இருந்ததால் கட்டடம் பெரும்பாலும் தப்பியது. அரசு அலுவலகங்கள் அழிந்துபோன ஊரில் மாவட்ட நிர்வாகமே அந்தத் தொழிற்சாலைக்குள் வந்து உட்கார்ந்தது, காயப்பட்டவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தியைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். காலையில் அமைதிப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மதியம் முகைநாடா நிலையத்தில் இறங்கி மாஸ்டா அருங்காட்சியகத்துக்குப் போனேன். அந்த வரிசையில் பார்த்தால்தான் அந்த மூன்று சக்கர வண்டியின் மதிப்பு புரியும். பெரியப்பா அன்று சாப்பிடும்வரை அதிகம் பேசவில்லை.

உள்ளே, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் பகுதியில், அந்த ரோட்டரைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உள்சுவரில் ரோட்டரின் முனை சீல் அதிர்ந்து அதிர்ந்து கிழித்த வரிவரியான தழும்புகள். பேய் நகத்தின் கீறல் என்று அந்தப் பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தில் பல கம்பெனிகள் ரோட்டரி உரிமம் வாங்கி, இந்தக் கீறலைத் தாண்ட முடியாமல் விட்டுவிட்டன. 47 பேர் கொண்ட குழு இங்கே அதைத் தாண்டி 1967இல் காஸ்மோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. தோற்ற ஹவுசிங்கை ஜெயித்த காருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது. கொஞ்சம் தள்ளி 55 என்ற எண்ணோடு ஆரஞ்சும் பச்சையுமாக மாஸ்டாவின் 787பி ரேஸ் கார். 654 சிசி ரோட்டர் நான்கு, 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார். விழாக்களுக்கு வெளியே கொண்டுபோவதும் உண்டு, அதனால் அன்று இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

சுற்றின் கடைசியில் மேலே உள்ள நடைபாதையிலிருந்து ஓடும் அசெம்பிளி லைனைக் காட்டுவார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கண்ணுக்கு நன்றாக வேலை கொடுங்கள். ஒரு ரோட்ஸ்டர், அதன் பின்னால் ஒரு எஸ்யூவி, அடுத்தது இடப்பக்க ஸ்டீயரிங் வைத்த ஏற்றுமதி வண்டி என்று ஒரே வரிசையில் மாறி மாறி வந்தன. தலைக்கு மேல் பலகையில் விளக்குகள். ஒன்று மஞ்சளாக எரிந்தது, பக்கத்திலிருந்து ஒருவர் ஓடிப்போய் உதவினார், விளக்கு அணைந்தது. "அங்கயும் இழை அறுந்துச்சு போல" என்றார் பெரியப்பா.

பதிவு செய்யும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. மாஸ்டா பெரும்பாலும் வார நாட்களில்தான் சுற்றிக்காட்டுகிறது, இடமும் குறைவு. அதனால் முதலில் ஹிரோஷிமா தேதியை உறுதிசெய்யுங்கள், அடுத்து சுசுகி, பிறகு ஸமா. நகோயாவை இவற்றுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம், திங்கட்கிழமையைத் தவிர. ஆகஸ்ட் நடுவில் ஒபோன் விடுமுறையிலும், ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தின் கோல்டன் வீக்கிலும் தொழிற்சாலைகள் நின்றுவிடும், அப்போது லைன் பார்க்க முடியாது. வெளிநாட்டுப் பயணிகள் ரயில்களில் சுற்ற எடுக்கும் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் ஏழு நாளுக்கு 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவில் இறங்கி, ஹமமட்சு, நகோயா வழியாக ஹிரோஷிமா போய், ஒசாகாவிலிருந்து விமானம் ஏறினால் தனித்தனி டிக்கெட்டே மலிவு. அப் கேரேஜ் போன்ற பழைய பாகக் கடைகளில் ஒவ்வொரு ரிம்மிலும் உள்ள கீறலைக்கூடச் சீட்டில் குறித்து விற்பார்கள், ஆசை வரும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கையும் கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரையும் மட்டும் விட்டுவிடுங்கள், விமானத்தில் அபாயப் பொருளாகத்தான் பார்ப்பார்கள். கியர் நாப், பழைய எம்பளம், கம்பெனி விளக்கப் புத்தகம் இவை பெட்டியில் அடங்கும்.